மூன்றாவது சக்கரம்

முதல் சக்கரத்தில் 7 நிற்கிறது. இரண்டாவதிலும் 7. மூன்றாவதில் இன்னொரு 7 மேலிருந்து இறங்கி வருகிறது. கண் பார்த்துவிட்டது, கட்டைவிரலும் ‘ஏ’ பட்டனை அழுத்திவிட்டது. சக்கரம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு படம் கீழே வழுக்குகிறது. நடுக்கோட்டில் 7 இல்லை, ஒரு மீன். சே, கொஞ்சம் முன்னாடி அழுத்தியிருக்கணும் என்று விரலைத் திட்டிக்கொண்டே அடுத்த மூன்று காயினைப் போடுகிறேன்.

போட்டது காசு அல்ல. தோற்றதும் காசு அல்ல. 160க்கு 144 புள்ளிகள் கொண்ட, பாசி படிந்த குளம்போல நான்கு சாயல் மட்டுமே காட்டத் தெரிந்த ஒரு திரையில் ஓர் எண் மூன்று குறைந்தது, அவ்வளவுதான். நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம் பாய் கருவி. அதன் முதுகில் செருகியிருக்கும் கேசட் ‘போக்கிமான் ரெட்’. ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வந்த ஆட்டத்தின் ஆங்கில வடிவம், 1998ஆம் ஆண்டினுடையது. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எல்லார் கையிலும் இருந்தது ‘பிரிக் கேம்’தான், கட்டம் விழும், அடுக்கவேண்டும். கேம் பாய் எனக்கு வெகுநாள் கழித்து, சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மகன் பெட்டியைக் காலிசெய்யும்போது கிடைத்தது. அவனுக்கு அது பழைய குப்பை.

போக்கிமான் என்றால் பிராணிகளைப் பிடித்துப் பழக்கிச் சண்டைக்கு விடும் ஆட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் நடுவில் செலடான் என்றொரு நகரம் வருகிறது. அங்கே ஒரு சூதாட்டக்கூடம். என்னை உட்கார்த்திவைத்தது அதுதான், பிராணிகள் அல்ல.

கூடத்துக்குள் நேராகப் போய் ஆடிவிட முடியாது. முதலில் அந்த ஊர் உணவகத்துக்குப் போகவேண்டும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கொடுத்தால், எல்லாவற்றையும் தோற்றுவிட்டேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப்போவதில்லை என்கிற தோரணையில் புலம்புகிறார். புலம்பி முடித்து, இனி இது எனக்கெதற்கு என்று தன்னுடைய காயின் பெட்டியை எடுத்து நம்மிடம் நீட்டுகிறார். அந்தப் பெட்டி இல்லாமல் கூடத்தில் ஒற்றைக் காயின்கூட வாங்க முடியாது. சிகரெட்டை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தவர்கள் மிச்சப் பாக்கெட்டை நசுக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்பவன் சட்டைப்பையில்தான் செருகுவார்கள். ஆட்டத்தின் நாயகன் பத்துப் பதினோரு வயதுப் பையன். திருந்தியவன் கையிலிருந்து பெட்டி அவன் கைக்கு வருகிறது. இதை எழுதியவர் சூதாடிகளை அருகிலிருந்து பார்த்திருக்கவேண்டும்.

உள்ளே வரிசை வரிசையாக ஸ்லாட் மெஷின்கள். ஆடிக்கொண்டிருப்பவர்களிடம் பேசினால் சிலர் பத்து இருபது காயினைச் சும்மாவே கொடுப்பார்கள். தரையில் கண்ணுக்குத் தெரியாத காயின்கள் சிதறிக்கிடக்கின்றன. காலடிக்கு ஒருமுறை பட்டனைத் தட்டிப் பொறுக்கலாம். ஒரு மெஷினில் பழுது என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் சாப்பிடப் போயிருப்பதாகச் சீட்டு. மற்றொன்றில் யாரோ சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், திரும்பி வருவாராம். இதெல்லாம் ஆட்டத்துக்குத் தேவையே இல்லாத விவரங்கள். ஆனால் இவை இல்லாமல் அந்த அறை வெறும் கட்டங்களாகத்தான் இருந்திருக்கும்.

மூலையில் ஒரு சுவரொட்டிக்கு முன்னால் ஒருவன் காவல் நிற்கிறான். அவனைத் தோற்கடித்துச் சுவரொட்டியின் பின்னால் தடவினால் ஒரு விசை. அழுத்தினால் படிக்கட்டு திறக்கிறது. கீழே ராக்கெட் கும்பலின் பதுங்கிடம். கூடத்தின் வருமானம் திருடர்களுக்குப் போகிறது என்பது குழந்தைக்கும் விளங்கும்படி சொல்லப்பட்டுவிடுகிறது. கும்பலை விரட்டிவிட்டு மேலே ஏறி வந்தால் கூடம் பழையபடி நடந்துகொண்டிருக்கிறது. காயின் விற்கும் பெண்மணி அதே சிரிப்போடு நிற்கிறார். இதிலும் எழுதியவர் பொய் சொல்லவில்லை.

விலைப்பட்டியலைப் பார்த்தபோதுதான் இது எந்த ஊர்ச் சூது என்று எனக்கு உறைத்தது. ஆயிரத்துக்கு ஐம்பது காயின். அதாவது காயின் ஒன்று இருபது. ஜப்பானியத் தெருக்களில் பச்சின்கோ கூடங்களுக்குள் இருக்கும் பச்சிஸ்லாட் மெஷின்களில் இதுதான் வெகுகாலமாக வழக்கமான விலை: ஆயிரம் யென்னுக்கு ஐம்பது வில்லை, ஆட்டத்துக்கு மூன்று வில்லை. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. ஆகவே கூடத்தில் ஜெயித்தவருக்குக் காசு தரமாட்டார்கள், பரிசுப்பொருள் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துச் சந்திலோ பின்பக்கத்திலோ இருக்கும் ஒரு சின்ன ஜன்னலில் நீட்டினால் அங்கே காசு கிடைக்கும். ஜன்னல்காரர் அந்தப் பொருளை மூன்றாவது ஆள் ஒருவருக்கு விற்பார். அவர் அதை மறுபடி கூடத்துக்கே விற்பார். மூன்று கடை, ஒரே பொருள், சுற்றிச் சுற்றி. செலடான் நகரத்திலும் பரிசு வாங்கும் இடம் கூடத்துக்குள் இல்லை. வெளியே வந்து வேறொரு வாசல் வழியே போகவேண்டும். ஜப்பானியப் பிள்ளைகள் தங்கள் அப்பாவோ சித்தப்பாவோ மாலையில் செய்வதைத்தான் அந்தச் சின்னத் திரையில் செய்தார்கள். வேற்றுநாட்டுப் பிள்ளைகளுக்கோ அது ஏனோ தனியாகக் கட்டப்பட்ட ஒரு கட்டடம்.

பரிசுகளில் உச்சம் போரிகான். கணினி நிரலால் செய்யப்பட்ட பிராணி என்பது அதன் கதை. ‘ரெட்’ கேசட்டில் அதன் விலை 9,999 காயின். காயின் பெட்டி கொள்ளும் அளவும் 9,999தான். பெட்டி விளிம்புவரை நிரம்பினால் ஒரு போரிகான். வாங்கியதும் பெட்டி காலி. இதே ஆட்டத்தின் ‘புளூ’ கேசட்காரர்களுக்கு 6,500க்கே கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, அந்த மூன்றாவது சக்கரத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கக் காசினோக்களில் கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் சுழன்று தாமாக நிற்கும். ஜப்பானிய மெஷினில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நிறுத்துப் பட்டன் உண்டு. ஆடுகிறவரே அழுத்தி நிறுத்தவேண்டும். கேம் பாயிலும் அப்படியே. இதனால் ஆட்டம் முழுக்க விரலின் சாமர்த்தியம் என்று தோன்றுகிறது. நானும் பல வாரம் அப்படித்தான் நம்பினேன். படங்கள் வரும் ஒழுங்கை மனப்பாடம் செய்தேன். மூச்சை அடக்கி அழுத்தினேன். இடதுகைக் கட்டைவிரலால்கூட முயன்றேன்.

இந்த ஆட்டத்தின் நிரலை ஆர்வலர்கள் வரிவரியாகப் பிரித்து, படிக்கத்தக்க விதத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு அதில் ஸ்லாட் மெஷின் பகுதியை மட்டும் எடுத்துப் படித்தேன். காயினைப் போட்டதும், சக்கரம் சுழலத் தொடங்குமுன்பே, கருவி 0 முதல் 255 வரைக்குள் ஓர் எண்ணை எடுக்கிறது. சாதாரண மெஷினில் அந்த எண் 254 அல்லது 255 ஆக இருந்தால் 7 சேர அனுமதி. கூடத்துக்குள் நாம் நுழையும்போது ஏதோ ஒரு மெஷின் ‘ராசியான’ மெஷினாகக் குறிக்கப்படுகிறது. அதில் 251இலிருந்தே அனுமதி. ராசி என்பது இவ்வளவுதான், 256இல் இரண்டுக்குப் பதில் ஐந்து. 210க்கு மேல் வந்தால் சில்லறைச் சேர்க்கைகளுக்கு மட்டும் அனுமதி. சரியாக 0 வந்தால் மெஷின் கொஞ்ச நேரத்துக்குத் தாராளமாகிவிடும். மிச்ச எண்கள் எல்லாம் தோல்விக்கு.

தோல்வி என்று தீர்மானமான பிறகும் நம் விரல் தற்செயலாகச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால்? அதற்கும் ஒரு வரி இருக்கிறது. படங்கள் சேர்ந்துவிட்டனவா என்று பார், சேர்ந்திருந்தால் மூன்றாவது சக்கரத்தை ஒரு படம் கீழே உருட்டு, மறுபடி பார். அந்த வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது என்பதை மறைப்பானேன். என் விரல் ஒன்றும் தாமதிக்கவில்லை. சில முறை அது சரியாகவே அழுத்தியிருக்கிறது.

மெஷின் வஞ்சகம் மட்டும் செய்கிறது என்றும் சொல்லமுடியாது. ஜெயிக்க அனுமதித்துவிட்ட சுற்றில் நாம் ஏடாகூடமாக நிறுத்தினால், அதே மூன்றாவது சக்கரம் சில படங்கள் உருண்டு நமக்குப் பொருத்தமானதைத் தேடிக்கொடுக்கிறது. அப்போது நாம் அதைக் கவனிப்பதில்லை. அது நம் திறமை.

இது கேம் பாய்க்காகப் பண்ணிய தந்திரமும் அல்ல. நிஜப் பச்சிஸ்லாட்டிலும் நெம்புகோலைத் தட்டிய கணத்திலேயே குலுக்கல் முடிந்துவிடுகிறது. பட்டனை அழுத்தியபின் சக்கரம் நான்கு படம்வரை வழுக்கிப்போய் நிற்கலாம். லாஸ் வேகாஸ் பக்கத்துச் செய்தியும் இதற்குச் சளைத்ததல்ல. டெல்னஸ் என்பவர் 1984இல் வாங்கிய காப்புரிமையின்படி, கண்ணெதிரே சுற்றுவது சிறிய சக்கரம். முடிவைச் சொல்வது கண்ணுக்குத் தெரியாத பெரிய எண்வரிசை. பெரும்பரிசுப் படத்துக்கு அந்த வரிசையில் இடம் அபூர்வம். அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு இடம் தாராளம். அதனால்தான் பரிசு எப்போதும் ‘ஒரு நூல்’ இடைவெளியில் தப்பிப்போகிறது.

விரலுக்குச் சக்கரத்தின்மேல் பிடி உண்டா இல்லையா என்பது விளையாட்டுப் பேச்சு மட்டும் அல்ல. நீதிமன்றங்கள் மாய்ந்து மாய்ந்து பேசிய விஷயம். ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொன்னது. கைபேசியில் ரம்மி வந்தபிறகு, நம் ஊரில் பணத்தையும் உயிரையும் விட்டவர்களின் செய்தி நாளிதழில் வராத வாரமில்லை என்றானது. தமிழ்நாடு அரசு 2022இல் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் திறமை ஆட்டங்களான ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து இணையத்தில் ஆடுவது எல்லாமே கூடாது என்று அந்தப் பழைய வழக்கையே ஓரங்கட்டிவிட்டது. தோற்றுக்கொண்டிருந்தவர்கள் யாரும் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த கையில் சரியாக அழுத்திவிடலாம் என்றே நினைத்திருப்பார்கள்.

போக்கிமானைப் படைத்த சதோஷி தஜிரி, வீடியோ கேம் கூடங்களிலேயே வளர்ந்தவர். அவருடைய ‘கேம் ஃப்ரீக்’ நிறுவனம் 1983இல் தொடங்கியபோது நிறுவனமே அல்ல. கையால் எழுதி, நகலெடுத்து, ஊசி அடித்து விற்ற பத்திரிகை. நம்மவர்கள் கவிதைக்குச் செய்ததை அவர் வீடியோ கேமுக்குச் செய்திருக்கிறார். அவர்களுடைய ஆட்டத்தை உலகத்துக்கு விற்ற நிண்டெண்டோவோ 1889இல் கியோட்டோவில் பூச்சீட்டு அச்சிட்டு விற்கத் தொடங்கிய கடை. மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதத்துக்கு 48 சீட்டுகள். சூதாடிகள் விரும்பி வாங்கிய சீட்டுகள். செலடான் நகரத்துக் கூடம் அந்தக் கருவிக்குள் வழிதவறி வந்ததல்ல. தாய்வீட்டுச் சீதனம்.

நளன் கதையில் எனக்குப் பிடித்த இடம் சூதாட்டம் நடக்கும் இடம் அல்ல. நாட்டைத் தோற்று, உருமாறி, வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டிப் போகும் இடம். தேர் பறக்கிறது. அரசனின் மேலாடை காற்றில் விழுகிறது. நிறுத்து, எடுக்கவேண்டும் என்பதற்குள் அது யோசனைத் தொலைவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த வேகத்தைக் கண்டு வியந்த அரசன், தனக்கும் ஒரு வித்தை தெரியும் என்று வழியில் நிற்கும் தான்றிமரத்தைக் காட்டி, அதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்கிறான். வாகுகனுக்கு நம்பிக்கை வரவில்லை. தேரை நிறுத்தி இறங்கி எண்ணியே பார்த்துவிடுகிறான். கணக்குச் சரி. தேர்வித்தையைக் கொடுத்து எண் வித்தையை வாங்கிக்கொள்கிறான். பகடையின் உள்ளம் அறியும் வித்தை. அந்தக் கணத்தில்தான், அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான். அந்தக் காலத்தில் பகடையாக உருட்டியதும் தான்றிக்காய்தான்.

கேம் பாயின் தான்றிமரம் ஒரு கடிகாரம். நொடிக்கு 16,384 முறை நகரும் ஓர் எண்ணி அதற்குள் இருக்கிறது. அதிலிருந்து கூட்டியும் கழித்தும்தான் அந்த 0 முதல் 255 வரையிலான எண் பிறக்கிறது. எந்த நொடியின் எந்தத் துணுக்கில் அழுத்தினால் என்ன எண் வரும் என்று கணக்கிட்டு ஆடும் இருதுபன்னர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அதிவேகமாக ஆட்டத்தை முடித்துக்காட்டுவது அவர்கள் பொழுதுபோக்கு. அவர்களைப் படித்துத்தான் ஒன்று புரிந்தது. விரலுக்கு உண்மையாகவே பிடி இருக்கிற கணம் ஒன்று உண்டு. ஆனால் அது மூச்சை அடக்கி மூன்றாவது சக்கரத்தை நிறுத்தும் கணம் அல்ல; தோற்ற சலிப்பில், எங்கோ பார்த்தபடி, அடுத்த மூன்று காயினைத் தட்டிவிடும் கணம். அந்தத் துணுக்கில்தான் எண் முடிவாகிறது. நாம் கவனமே வைக்காத இடத்தில்.

இந்தக் கூடங்களை நிண்டெண்டோ பின்னாளில் ஒவ்வொன்றாக மூடியது. 2008இல் கொரியப் பதிப்பில் ஸ்லாட் போனது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் வந்த ஒரு கேசட்டில் மெஷின்கள் இருந்தன, ஆட முடியாது. அதன்பிறகு ஜப்பானுக்கு வெளியே அட்டை புரட்டும் ஆட்டம் ஒன்றை மாற்றாக வைத்தார்கள். 2010இல் வந்த புதிய தலைமுறைக் கேசட்டுகளில் கூடமே இல்லை. பிள்ளைகளுக்கான ஆட்டத்தில் சூதின் சாயல் கூடாது என்ற தரச்சான்று விதிகள் காரணம். நல்லதுதான். ஆனால் 2024 அக்டோபரில் அதே பிராணிகளை வைத்துக் கைபேசிக்கு ஒரு சீட்டு ஆட்டம் வந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே எந்தச் சீட்டு என்று தெரியாது. நாளுக்குச் சில உறை இலவசம். பொறுக்கமுடியாதவர்கள் நிஜக் காசு கொடுத்துப் பிரிக்கலாம். செல்லாக் காயினில் ஆடிய சூதை ஒழித்துவிட்டார்கள்.

நடாஷா டோ ஷூல் என்ற மானிடவியலாளர் லாஸ் வேகாஸில் மெஷின்முன் உட்கார்ந்தே வாழ்வைக் கழித்தவர்களோடு பல ஆண்டுகள் பேசி, 2012இல் ஒரு புத்தகம் எழுதினார். ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம் என்பதுதான் அவர்களில் பலர் சொன்னது. சுற்றியிருக்கும் உலகம் மறைந்துபோகும் அந்த நிலை கலையக்கூடாது, அதற்குத்தான் காசு. காசே இல்லாத என் கருவியில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. எனக்குப் போரிகான் மேல் ஆசை போய்ப் பல வருஷம் ஆகிறது.

ஆனால் கேசட்டுக்குள் சூதாடியவர்களுக்கு நளனுக்கும் தருமனுக்கும் கிடைக்காத ஒரு வசதி இருந்தது. கூடத்துக்குள் நின்றபடியே ஆட்டத்தைச் சேமிக்கலாம். பிறகு மெஷினில் உட்காரலாம். ஜெயித்தால் மறுபடி சேமிப்பு. தோற்றால் கருவியை அணைத்து மீண்டும் போட்டால் போன காயின் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஆடினோம். வைத்த நாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் சபையில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள், பாரதமும் இருந்திருக்காது.

என் கேசட்டில் அந்த வசதி இப்போது இல்லை. சேமித்ததை நினைவில் வைத்திருப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் ஒரு வட்டப் பட்டன் பேட்டரி. அது இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டுச் செத்துப்போயிற்று. பற்றை எடுத்து மாற்றலாம். சொல்லித்தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் மாற்றவில்லை. மாற்றாததால் கருவியை அணைத்தால் எல்லாமே போய்விடும். பெயர் வைப்பதிலிருந்து தொடங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அடாப்டரைச் செருகி உட்கார்ந்தால், நடுவில் கரண்ட் போகாமலிருந்தால், சாயங்காலத்துக்குச் செலடான் போய்ச்சேரலாம். உணவகத்து ஆளிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழையும்போது கையில் கொஞ்சம் வியர்க்கிறது. இங்கே தோற்றால் தோற்றதுதான்.

போன ஞாயிறு 340 காயின் வரை போய் 96க்கு இறங்கியிருந்தேன். 7ம் 7ம் நின்று, மூன்றாவது சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து அம்மா, “எத்தனை தடவைடா கூப்பிடுறது, தோசை ஆறிப்போகுது” என்றாள். அணைக்க முடியாது. சக்கரத்தையும் நிறுத்த மனசில்லை. சுழலட்டும் என்று கருவியை ஜன்னலோரம் திருப்பிவைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு மெஷின் தள்ளித்தான் அந்தச் சாவிக்கொத்து இருக்கிறது.